கேக் அக்காவின் தோள்பட்டை

அந்த பேக்கரியில் கேக்குக்கு அலங்காரம் செய்பவளை எல்லோரும் கேக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்தவரான டெலிவரி டிரைவர்கூட அக்கா என்றே அழைப்பார். முதலில் சண்டை போட்டுப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். கடையின் பின்புறம், அடுப்புகளின் சூடு எட்டாத ஒரு குளிர்ந்த அறை அவளுடையது. நடுவில் எஃகு மேசை, அதன்மேல் சுழலும் தட்டு, சுவரோரம் கிரீம் பையில் மாட்டும் விதவிதமான முனைகள் போட்டு வைத்த டப்பாக்கள். இடது கையால் தட்டைச் சுழற்றிக்கொண்டே வலது கையால் கிரீம் பையைப் பிழிவாள். ரோஜா, சரம், சுருள் எல்லாம் பேசிக்கொண்டே போடுவாள். பெயர் எழுதும்போது மட்டும் அறையில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஒருமுறை யாரோ பேசப் போய், ஓய்வு பெறும் தலைமை ஆசிரியருக்குப் போன கேக்கில் துணைக்கால் விட்டுப்போய் ‘வாழ்த்துகள்’ ‘வழ்த்துகள்’ ஆகிவிட்டது. சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பாமல் சாப்பிட்டாரே, அந்த மட்டும் நல்ல மனுஷர் என்பாள்.

வலி எப்போது தொடங்கியது என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. வலது தோள்பட்டைக்குப் பின்னால், சொறிந்துகொள்ளக்கூடக் கை எட்டாத இடம். முதலில் மாலையில் மட்டும் வந்தது. பிறகு காலையிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. சாலையைக் கடக்கும்போது கழுத்தை மட்டும் திருப்ப முடியாமல் முழு உடம்போடு திரும்பிப் பார்த்தாள்.

“என்னடி, ரோபோ மாதிரி திரும்பறே?” என்றார் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். எதுவாக இருந்தாலும் கொஞ்சம் எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்பது அவர் கட்சி. “குட்டிகிட்ட போயேன். வீட்டுலயே ஆள வச்சுக்கிட்டு ஊர் பூரா தேடணுமா?”

குட்டி அவருடைய தங்கை. வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை என்பதால் வந்த பெயர். இப்போது வாசலில் நின்றால் வாசல் நிறைந்துவிடும், ஆனாலும் பெயர் மாறவில்லை. முறையாகப் படித்துத் தேர்ச்சி பெற்ற மசாஜ் தெரபிஸ்ட். மருந்துக்கடை மாடியில் ஒரு சிறிய அறை எடுத்து, வெள்ளைத் துணி விரித்த கட்டிலும் மங்கிய விளக்கும் வைத்திருந்தாள். அண்ணி வருகிறாள் என்றதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. அந்த மத்தியானத்தை அண்ணிக்கென்று ஒதுக்கினாள்.

கைராசிக்காரிதான் குட்டி. சூடான எண்ணெயோடு அவள் கட்டைவிரல்கள் முதுகில் இறங்கும்போது கேக் அக்காவுக்குக் கண் செருகும். வீட்டுக்கு வரும்போது தோள் இறகு மாதிரி இருக்கும். திங்கள் நன்றாகப் போகும். செவ்வாய் பரவாயில்லை. புதன்கிழமை வலி தன் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

அடுத்த ஞாயிறு குட்டி கேட்பாள். “எப்படி இருக்கு அண்ணி?”

“நல்லா இருக்கு, கண்ணு.”

வேறு என்ன சொல்வது? தன் ஒரே ஓய்வு நாளில் வியர்க்க வியர்க்க நிற்கிறவளிடம், நீ செய்தது மூன்று நாள்கூடத் தாங்கவில்லை என்று எப்படிச் சொல்வது? அந்த ‘நல்லா இருக்கு’ வாராவாரம் தொடர்ந்தது.

ஒரு கல்யாணக் கேக் வந்த அன்றுதான் சமாளிக்க முடியாமல் போனது. அடுக்கு அடுக்காக உயர்ந்த கேக். மேல் அடுக்குக்குச் சரம் போடக் கையைத் தூக்கினாள், கை பாதியில் நின்றுவிட்டது. பிடி தளர்ந்து கிரீம் பை கீழ் அடுக்கில் விழுந்து, காலையெல்லாம் நின்று போட்ட ரோஜாக்களை நசுக்கிவிட்டது. சத்தம் கேட்டு முதலாளியம்மா ஓடி வந்தார். கேக்கைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காரு. கேக்க அப்புறம் பாத்துக்கலாம். எத்தன நாளா இப்படி?”

மறுநாளே டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் கையைத் தூக்கச் சொல்லி, விரலில் மரமரப்பு உண்டா என்று கேட்டு, எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை என்றார். வேலை செய்யும் விதத்தால் வரும் வலிதான். மசாஜ் எடுக்கலாம், ஆஸ்டியோபதி பார்க்கலாம். எது ஒத்துவருகிறதோ அதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முடிவை அவள் தலையிலேயே கட்டினார்.

“ஆஸ்டியோபதின்னா எலும்பு முறிவு பாக்கறவங்களா?” என்று முதலாளியம்மாவிடம் கேட்டாள்.

“முறிஞ்சத ஒட்ட வைக்கிறது இல்லம்மா. மூட்டு, முதுகெலும்பு, தசை எல்லாத்தையும் சேத்து ஒண்ணாப் பாப்பாங்க. எங்க இறுகிப் போயிருக்குன்னு கையாலயே தேடிப் பிடிப்பாங்க. என் இடுப்புக்கு ஒரு அம்மாகிட்ட போனேன். எனக்குக் கேட்டுச்சு. உனக்குக் கேக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்.”

சாப்பிடும்போது கணவரிடம் பேச்சைத் தொடங்கிப் பார்த்தாள். “டாக்டர் ரெண்டுல எதுன்னாலும் பாக்கலாம்னாரு...”

“அப்ப சரி, குட்டி இருக்கா” என்று அவர் தட்டைக் கழுவப் போய்விட்டார்.

படுத்த பிறகும் யோசித்தாள். எந்த வைத்தியம் மேல் என்ற கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி அவளை உறுத்தவும் இல்லை. கண்ணை மூடினால் குட்டியின் முகம்தான் வந்தது. அண்ணியே வேறு இடம் போய்விட்டாள் என்று தெரிந்தால் அந்த முகம் எப்படி வாடும்! கடைசியில், கேக் அச்சு வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, முதலாளியம்மாவின் இடுப்பைப் பார்த்த அம்மாவிடம் புறப்பட்டாள்.

நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்த அந்த ஆஸ்டியோபதி அம்மா, முதலில் தோளைத் தொடவே இல்லை. நிற்கச் சொன்னார், குனியச் சொன்னார், மூச்சை இழுத்து விடச் சொன்னார். பிறகு, “கையில கிரீம் பை இருக்கிற மாதிரி நெனச்சுக்கிட்டு ஒரு ரோஜா போடுங்க” என்றார். அவள் வெட்கத்தோடு காற்றில் ஒரு ரோஜா போட்டாள்.

“இடுப்ப ஒரு பக்கமாச் சாய்ச்சு நிக்கறீங்க, தெரியுதா? மேசை ரொம்பத் தாழ்வா இருக்குமோ?”

“ஆமா மேடம். எனக்கு முன்னாடி இருந்தவங்க குள்ளம்.”

கட்டிலில் படுக்க வைத்து, நடுமுதுகிலும் விலா எலும்புகளிலும் விரல் வைத்து மெல்ல அசைத்துப் பார்த்தார். வலிக்கும் தோளை விட்டுவிட்டு வலிக்காத இடங்களிலேயே சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் அவளைப் பக்கவாட்டில் திருப்பி ஓர் அழுத்து அழுத்த, உள்ளே சொடக்கு எடுத்த சத்தம் கேட்டது. அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

“பயப்படாதீங்க, ஒண்ணும் உடையல” என்று சிரித்தார். “நடுமுதுகு அசையாம இருக்கு. அதோட வேலையையும் தோளே செஞ்சுக்கிட்டு இருக்கு. மசாஜ் யாராவது பண்றாங்களா? நல்ல கை. அத விட்டுடாதீங்க.”

அதைக் கேட்டுப் பெருமையாகவும் இருந்தது, குற்றவாளி மாதிரியும் இருந்தது.

அடுத்த வாரம் வலி குறைந்திருந்தது. மீண்டும் அச்சு வாங்கப் புறப்பட்டாள். அறைக்கு வெளியே காத்திருக்கும் இடத்தில் நான்கைந்து நாற்காலிகள். கடைசி நாற்காலி நிறைய ஒருத்தி உட்கார்ந்து பத்திரிகையால் முகத்தை மறைத்திருந்தாள். பத்திரிகையைப் பிடித்த கையில், கட்டைவிரலைச் சுற்றி ஒரு பட்டை. அந்தக் கையை அடையாளம் தெரியாமலா போகும்?

“குட்டி?”

பத்திரிகை இறங்கியது. “அண்ணி! நீங்க எங்க இங்க?”

“அச்சு வாங்க...” என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். அங்கே சுவரில் முதுகெலும்புப் படம் தவிர வேறு எதுவும் இல்லை. “உன் கைக்கு என்ன?”

குட்டி கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். “கட்டைவிரல் மூட்டு போயிடுச்சு அண்ணி. டப்பா மூடியக்கூடத் திறக்க முடியல. மசாஜ் பண்றவளுக்கே கைவலின்னு தெரிஞ்சா எவ வருவா? அதான் யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்ட சொன்னா ஞாயித்துக்கிழமை வர மாட்டீங்க.”

“இந்தக் கையோடயா எனக்கு அழுத்தினே?”

“நீங்கதான் நல்லா இருக்குன்னு சொன்னீங்களே.”

இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எதிரே இருந்த பெரியவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்கள். ஆனால் குட்டியின் சிரிப்பு சீக்கிரமே அடங்கியது.

“அப்போ நல்லா இல்லையா அண்ணி? இவ்வளவு நாளா?”

“அன்னிக்கு நல்லாத்தான் இருக்கும், கண்ணு. புதன்கிழமை திரும்ப வந்துடும். உன் மனசு நோகுமேன்னு...”

“மனசு நோகத்தான் செய்யுது, இப்போ.” குட்டி குரலை உயர்த்தவில்லை. “ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேற மாதிரி செஞ்சு பாத்திருப்பேன். என்னால முடியலேன்னா நானே இங்க கூட்டிட்டு வந்திருப்பேன். நான் படிச்சுட்டுத்தானே அண்ணி இந்த வேலை பாக்கறேன்? சொல்லாத வலிய நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

கேக் அக்காவுக்கு நெஞ்சில் தைத்தது. குட்டியைக் குழந்தையாகவே வைத்துச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பட்டை சுற்றிய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“தப்புதான். இனிமே வலிச்சா கத்திடறேன்.”

“மெதுவாக் கத்துங்க. என் ரூமுக்குக் கீழ மருந்துக்கடை இருக்கு.”

குட்டி அந்தக் கையால் கொஞ்ச காலம் வேலை செய்யக் கூடாது என்று ஆகிவிட்டது. மாடி அறை பூட்டியே கிடந்தது. வழக்கமாக வந்தவர்களில் சிலர் வேறு ஆள் பார்த்துக்கொண்டு போனார்கள். அவள் இரண்டொரு நாள் உம்மென்று இருந்தாள். பிறகு, கட்டைவிரலுக்கு வேலை கொடுக்காமல் முன்கையாலும் முழங்கையாலும் அழுத்தும் முறையைப் பழகத் தொடங்கினாள். பழகுவதற்கு ஒரு முதுகு வேண்டுமே! கேக் அக்கா போய்க் குப்புறப் படுத்தாள்.

“இது வலிக்குது. இது பரவால்ல. இது சொகமா இருக்கு, ஆனா பிரயோஜனம் இல்ல” என்று வர்ணனை கொடுத்துக்கொண்டே இருப்பாள்.

“நீங்க பேசாமலே இருந்திருக்கலாம் அண்ணி” என்பாள் குட்டி.

விஷயம் தெரிந்ததும் கணவர், “அப்ப அச்சு எங்கே?” என்று மட்டும் கேட்டார். அடுத்த ஞாயிறு அவரே பேக்கரிக்குப் போய் மேசைக்கால்களுக்கு இரும்பில் கட்டை வைத்து உயர்த்திக் கொடுத்தார். ஆஸ்டியோபதி அம்மா இன்னும் சில முறை பார்த்துவிட்டு, வீட்டில் செய்யச் சில அசைவுகளைச் சொல்லிக் கொடுத்து, இனி தேவைப்பட்டால் வந்தால் போதும் என்று அனுப்பிவிட்டார்.

கேக் அக்கா குட்டியிடமே தொடர்கிறாள். கல்யாணங்கள் நெருக்கியடித்து வரும் மாதங்களில் வலி இன்னும் எட்டிப் பார்க்கிறது. அப்படி வந்தால் புதன்கிழமையே போன் போட்டுச் சொல்லிவிடுகிறாள். குட்டி மறுபடி அறையைத் திறந்துவிட்டாள். முன்புபோல வருகிறவர்களையெல்லாம் ஏற்றுக்கொள்வதில்லை, நடுவில் கைக்கு ஓய்வு கொடுக்கிறாள். ஆஸ்டியோபதி அம்மாவும் சிலரை அவளிடம் அனுப்புகிறார். தன்னால் ஆகாது என்று தோன்றுபவர்களை இவள் அங்கே அனுப்புகிறாள்.

போன வாரம் குட்டியின் பிறந்தநாள். கேக்கில் பெயர் எழுதும் நேரம் பார்த்து அவளே பேக்கரிக்கு வந்து நின்றுவிட்டாள்.

“பேசாதே, எழுதறேன்” என்றாள் கேக் அக்கா.

“தோள் எப்படி இருக்கு?”

“இன்னிக்குக் கொஞ்சம் இழுக்குது. அதையும் அப்புறம் சொல்றேன். இப்ப வாய மூடு.”

குட்டி வாயை மூடிக்கொண்டு, மேசையோரம் இருந்த கிண்ணத்தில் விரலை விட்டு மிச்சக் கிரீமை வழித்துச் சாப்பிட்டாள்.