மூடிக்குள் வைத்த நான்கு பொட்டு

அந்த ஆயுத பூஜையின்போது நான் மூன்றாம் வகுப்பு. கொடுத்த வேலையில் மிச்சம் வைக்கமாட்டேன் என்று வீட்டில் எனக்குப் பெயர். அதை நம்பித்தான் அம்மா சந்தனத்தையும் குங்குமத்தையும் என்னிடம் தந்தாள்.

அப்பா குற்றாலத்தில் வாடகைக் கார் ஓட்டினார். சீசன் முடிந்திருந்ததால் எஞ்சினில் கழற்ற முடிந்தவற்றையெல்லாம் கழற்றித் துடைத்து முற்றத்தில் பரப்பியிருந்தார். ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர், ஜாக்கி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். கிண்ணம் போன்ற கறுப்பு மூடி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. புரட்டினால் உள்ளே நான்கு உலோகக் குமிழ்கள். அவற்றுக்கும் வைத்துவிட்டு, இருந்தபடியே கவிழ்த்தேன். எஞ்சினின் நான்கு பிளக்குகளுக்கும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் மூடி அது என்று அப்போது எனக்குத் தெரியாது. பூஜை முடிந்ததும் அப்பா அதை அப்படியே எடுத்து மாட்டிவிட்டார்.

மறுநாள் காலை தென்காசி ரயில் நிலையத்திலிருந்து பெரியப்பாவை அழைத்துவர வேண்டும். பாகப்பிரிவினைக்குப் பிறகு அவரும் அப்பாவும் பேசி மூன்று வருடமாகியிருந்தது. அம்மாதான் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி வரவழைத்திருந்தாள். அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சாவியைத் திருகினார். எஞ்சின் இருமியது. கார் மொத்தமும் குலுங்கியது.

அப்பா பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். வேலை செய்யாத பிளக்கின் வயரை எடுத்தால் மட்டும் சத்தத்தில் மாற்றம் இருக்காது. அன்று ஒருமுறை இரண்டாவது, மறுமுறை நான்காவது என்று குற்றவாளி மாறிக்கொண்டே இருந்தது. கார்புரேட்டரையும் ஊதிப் பார்த்தார்.

"ஆட்டோ புடிச்சிப் போங்களேன். வேணும்னே நிக்க வச்சுட்டான்னு நெனைக்கப் போறாவ," என்றாள் அம்மா.

"கார் ஓட்டுதவன் வீட்டுக்கு அவரு ஆட்டோல வரணுமாக்கும்?"

பெரியப்பா ஆட்டோவில்தான் வந்து இறங்கினார். முகம் இறுகியிருந்தது. எஞ்சின் சத்தத்தைச் சற்று நேரம் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, மூடியத் தொறந்து பாத்தானான்னு ஒங்க அப்பன்ட்ட கேளு."

"நேத்துதான் தொடச்சேன்னு சொல்லுட்டி."

"அப்ப இன்னைக்குத் தொறக்கலைன்னு சொல்லு."

ஒரு சொல் விடாமல் இருவருக்கும் எடுத்துச் சொன்னேன். அப்பா அந்தக் கறுப்பு மூடியைக் கழற்றினார். நான்கு குமிழ்களிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எல்லாத்துக்கும் வைக்கத்தான சொன்னாவ," என்றேன்.

பெரியப்பா வெடித்துச் சிரித்தார். "ஏலே, மண்டைக்குள்ள பொட்டு வச்சா வண்டி எப்டிலே ஓடும்!"

"ஒங்க தம்பி மவல்லா அண்ணே, பாதியில விடுவாளா?" என்றார் அப்பா.

துடைத்து மாட்டியதும் எஞ்சின் சீராக ஓடியது. ஆனாலும் பானெட்டை மூடவில்லை. பெரியப்பா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். பழுதில்லாத பிளக்குகளை ஒருவர் கழற்ற மற்றவர் துடைத்தார். பிறகு கார்புரேட்டரை இறக்கினார்கள். "வண்டி சரியாயிட்டுல்லா," என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். அம்மா வந்து என் காதைப் பிடித்து அடுக்களைக்கு இழுத்துப் போனாள்.

"ஒனக்கு வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க முடியாதாட்டி?"

குழம்பை இரண்டு தடவை சூடாக்கினாளே தவிர, சாப்பிட வாருங்கள் என்று அவர்களை அவள் கூப்பிடவே இல்லை.

அன்று என் நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'பத்தே முக்காலுக்குக் கார் சரியாகிவிட்டது. மூன்றரை மணி வரை ரிப்பேர் செய்தார்கள். ஏன் என்று தெரியவில்லை.'