நான் அழித்த மூன்று சனிக்கிழமைகள்

1. சாப்பிட்டபின் அம்மாவுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி. வாயு என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடித்தாள்.
2. மூன்றாம் முறை வாந்தியும் வந்தது. ஸ்கேனில் பித்தப்பைக் கற்கள்.
3. லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளைகள் இட்டுச் செய்யும் அறுவை) என்று முடிவாயிற்று.
4. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. அதனால் மூன்று வாரம் காலையும் மாலையும் அளவு பார்த்து, மருத்துவமனைச் செயலியில் ஏற்றச் சொன்னார்கள்.
5. அம்மா நோட்டில் எழுதினாள். நான் ஏற்றினேன்.
6. மூன்று எண்களை மட்டும் விட்டுவிட்டேன்.

ஆறாவதைப் பற்றித்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் யாருக்காவது அறுவைக்கு நாள் குறித்திருந்தால், இது உங்களுக்கு.

அலுவலகத்தில் என் வேலை தரவுகளைச் சுத்தம் செய்வது. மற்றவற்றோடு சேராத எண்ணைக் கோளாறு என்று நீக்கிவிடுவோம். அம்மாவின் அளவுகள் எல்லாம் 130க்கும் 170க்கும் நடுவே இருந்தன. இடையில் 62, 58, 60. சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் பழசாகியிருக்கும் என்று நினைத்தேன். மூன்றுமே சனிக்கிழமை மாலை என்பதைக் கவனிக்கவில்லை.

அறுவைக்கு ஒரு வாரம் முன்பு மயக்க மருந்து மருத்துவரைப் பார்த்தோம். கன்னடக்காரர், எங்களோடு தமிழில் பேசினார். செயலியில் வரைபடத்தைப் பார்த்தார்.

"கோடு ரொம்ப சீரா இருக்கே. சுகர் பாக்குற மெஷின் கொண்டு வந்திருக்கீங்களா?"

அம்மாவின் பையில் இருந்தது. பழைய அளவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தவர், 58இல் நின்றார்.

"சனிக்கிழமை என்னம்மா பண்றீங்க?"

அம்மா ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "ஒருபொழுது டாக்டர். பெருமாளுக்கு. ராத்திரி மட்டும்தான் சாப்பாடு."

"சுகர் வந்தப்பவே விட்டுட்டேன்னு சொன்னியேம்மா!"

"உங்கிட்ட சொன்னேன். பெருமாள்கிட்ட சொல்லலையே."

மருத்துவர் சிரித்துவிட்டார். "அன்னைக்கு மாத்திரை?"

"அதை விடுவனா? இவதான் போன்ல அலாரம் வெச்சிருக்காளே. காலைல அடிச்சதும் போட்டுக்குவேன்."

அவர் சிரிப்பு நின்றது. அது, சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும் வகை மாத்திரை. அறுவையன்றும் அம்மா வெறும் வயிற்றோடுதான் இருக்க வேண்டும். அன்றும் நான் வைத்த அலாரம் அடிக்கும்.

"மயக்கத்துல இருக்கறப்ப சுகர் இறங்குனா, தலை சுத்துதுன்னு அம்மாவால சொல்ல முடியாது மேடம். எனக்கு அந்த மூணு நம்பர்தான் வேணும்."

அங்கேயே உட்கார்ந்து மூன்றையும் ஏற்றினேன். எந்த மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும், அறுவையன்று எத்தனை முறை சர்க்கரை பார்க்க வேண்டும் என்பதை அவர் மாற்றி எழுதினார்.

மர்பி டவுனில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஆட்டோவில் திரும்பும்போது அம்மா சொன்னாள்: "சனிக்கிழமை சாயங்காலம் கையெல்லாம் நடுங்கும்டி. விரதம்னா அப்டித்தான்னு இருந்துட்டேன்."

நாங்கள் இருவர் மட்டுமே இருக்கும் வீடு. ஆனால் சனிக்கிழமைகளில் நான் வெளியே போய்விடுவேன். ஒரு நடுக்கத்தைக்கூடப் பார்த்ததில்லை.

அறுவை நல்லபடியாக முடிந்தது. அன்று அலாரத்தை நானே நீக்கியிருந்தேன். இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

ஐந்தாம் நாள் காலை மீட்டரில் 236. இனிப்பு எதுவும் அம்மா தொடவில்லை. மறுபடி பார்த்துச் சரியான எண் வந்தால் அதைப் போடலாம் என்றுதான் என் கை முதலில் போனது. நிறுத்திக்கொண்டு 236ஐ ஏற்றினேன்.

ஒரு மணி நேரத்தில் செவிலியர் போன் செய்தார். "காய்ச்சல் இருக்கா? இல்லைன்னாலும் தையல் போட்ட இடத்தைப் பாருங்க. தொப்புள்கிட்ட சிவந்திருக்கா?"

சிவந்திருந்தது. தொட்டால் சூடு. அன்றே மருத்துவமனைக்குப் போனோம். கட்டைப் பிரித்தார்கள். ஆன்டிபயாடிக் (கிருமிகளை அழிக்கும் மருந்து) கொடுத்தார்கள். தொற்று இருந்தால், காய்ச்சலுக்கு முன்பே சர்க்கரை ஏறுவதுண்டு என்றார்கள். புண் அதற்குமேல் போகவில்லை.

ஒரே அறையில் படுத்திருந்தும் அம்மாவின் உடம்பு எனக்கு மேலோட்டமாகத்தான் தெரிந்திருந்தது. இப்போது வாரத்தில் எந்த நாளில் அது என்ன செய்யும் என்று தெரியும். எனக்கு இப்போது வாரக் கணக்கே சனிக்கிழமையை வைத்துத்தான்.

இன்றைய நிலை இது. அறுவை முடிந்து நான்கு மாதம். வலி இல்லை. தழும்புகள் வெளுத்துவருகின்றன. மாத்திரையை மாற்றிவிட்டார்கள். விரதத்தை அம்மா விடவில்லை. பகலில் பாலும் பழமும் மட்டும் எடுத்துக்கொள்ள ஒத்துக்கொண்டாள். நேற்று சனிக்கிழமை. மாலை அளவு 104. பக்கத்தில் அவள் கையெழுத்தில்: "ஒருபொழுது. பால் ஒரு டம்ளர். வாழைப்பழம் பாதி." அப்படியே ஏற்றினேன்.