மச்சான் கேட்ட மில்லியன்

மூடி போட்ட அந்தச் சின்னத் தகரக் குவளை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மலாக்கா பெரியாஸ்பத்திரியில் என் மச்சான் துப்பிக் கொடுத்த சளி அதற்குள் இருந்தது. அதைச் சோதித்துவிட்டு, காசநோய்க் கிருமி எவ்வளவு என்பதை வெள்ளைக்கார டாக்டர் ஒரே வார்த்தையில் சொன்னார்: "மில்லியன்ஸ்!"

மச்சான் என் அக்காள் கணவர். காஜா பெராங் மளிகைக்கடையில் அரிசி அளப்பவர். முதல் படிக்கு ஒன்று என்று சொல்லமாட்டார். "லாபம்" என்று தொடங்கி, "ரெண்டு, மூணு" என்று பாட்டுப்போல அளப்பார். அவர் அளந்ததை யாரும் திருப்பி அளந்ததில்லை. நானோ மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன். ஊரெல்லாம் மெர்டேக்கா, சுதந்திரம் என்று பேச்சாக இருந்த அந்த நாளில், கோப்பிக்கடையில் எனக்குத்தான் இங்கிலீஷ் அதிகம். கொசு மில்லியன், வெயில் மில்லியன், என் அழகும் மில்லியன் என்பேன். அதை நம்பித்தான் அக்காள் என்னைத் துணைக்கு அனுப்பினாள், பாவம்.

"மாப்ளே, மில்லியன்னா எவ்வளவுடா?" என்றார் மச்சான்.

எனக்குத் தெரியாது. மருந்து கொடுக்கும் தமிழ் டிரஸ்ஸர்தான் சொன்னார்: "பத்து லட்சம்."

மச்சான் முகம் வெளுத்துவிட்டது. "மலாக்காவுல அவ்வளவு பேரே இல்லையேய்யா! டாக்டர் எப்ப எண்ணினாரு?"

"எண்ணலப்பா. ஆயிரம் வேல கெடக்குன்னு நாம சொல்றதில்லையா, அது மாதிரி. நெறய இருக்குன்னு அர்த்தம். வார்டுல படுத்து ஊசி போட்டுக்க, சரியாயிடும்."

ஆறுதலுக்குச் சொன்னார், அதுவே வினையாயிற்று. மச்சான் எழுந்துவிட்டார்.

"எண்ணாமலே கணக்குச் சொல்ற ஆளா? கடையில நான் இப்படி அளந்தா தோல உரிச்சிடுவாங்க. இவரு கையில உசிரக் குடுக்கச் சொல்றியா? நடடா வீட்டுக்கு!"

பின்னால் ஓடினேன். கையைப் பிடித்து இழுக்கவும் பயம், விட்டுவிடவும் பயம். வீட்டில் அவருடைய பல் முளைக்காத பிள்ளை இருந்தது. ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்கலாமென்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் ரோட்டைத் தாண்டிவிட்டார்.

பஸ் நிற்குமிடத்தில் ஒரு மலாய்க்காரப் பெண்ணின் இடுப்பிலிருந்த குழந்தை மச்சானைப் பார்த்துச் சிரித்துக் கையை நீட்டியது. பிள்ளைகள் என்றால் உயிரை விடுகிறவர், அவரும் கையை நீட்டப்போனார். இருமல் வந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, முதுகு சுவரில் முட்டும்வரை பின்னாலேயே நகர்ந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குள் நடந்தார்.

வார்டு வாசலில் சொன்னார்: "உங்க அக்காகிட்ட மில்லியன்னு சொல்லிடாத. கொஞ்சம்னு சொல்லு."

பின்னாளில் மச்சான் தேறி வந்தார். அன்று அது யாருக்குத் தெரியும்? இன்று என் பேரன் கைப்பேசியை நீட்டி, "மில்லியன் பேரு பாத்துட்டாங்க, தாத்தா!" என்று குதிக்கிறான். எனக்கு அந்தத் தகரக் குவளைதான் தெரிகிறது.

அன்று வீட்டு வாசலிலேயே காத்திருந்தாள் அக்காள். "எவ்வளவு கிருமியாம்டா?"

"கொஞ்சம்தான்க்கா."

என் முகத்தையே பார்த்தாள். நான் கேலி பண்ணாமல் ஒரு பதில் சொல்லி அவள் கேட்டதே இல்லை. பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.