நடுங்கிய கோடு

செயற்கைக்கோள் ஆய்வு நிலையத்தின் இரண்டாவது மாடியில் அவளை எல்லாரும் கோட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷமாக அவள் பார்த்தது கோடு போடும் வேலை. பூமியைச் சுற்றி, காற்றெல்லாம் தீர்ந்துபோன உயரத்திலும் ஒன்றுமே இல்லாமல் இல்லை; மின்னேற்றம் கொண்ட துகள்கள் பூமியின் காந்தப் பிடிக்குள் மெல்லியதாகப் பரவிக் கிடக்கின்றன. அந்தப் பிளாஸ்மாவுக்குள் புகுந்து போகும் செயற்கைக்கோள், அங்கே எழும் அலைகளைப் பதிவுசெய்து அனுப்பும். அது திரையில் வண்ணப் படமாக விரியும். படத்தின் குறுக்கே முடி அளவுக்கு ஒரு பளிச்சென்ற கோடு ஓடும். கோடு மேலே போனால் அந்த இடத்தில் எலெக்ட்ரான்கள் அதிகம், இறங்கினால் குறைவு. கோடு மங்கிப்போன இடத்திலும் அதைத் தேடிப் பிடித்து மவுஸால் அதன்மேல் வரைவதில் கோட்டக்காவை மிஞ்ச ஆளில்லை. அந்தக் கர்வம் அவளுக்கும் உண்டு.

அங்கே மூன்று வருஷ ஒப்பந்தத்தில் ஒரு ஆராய்ச்சிக்காரி வந்து சேர்ந்தாள். ஒலியாக மாற்றிக் கேட்டால் பறவைக் கூட்டம் கத்துவது போலிருக்கும் ஒருவகை அலைதான் அவளுடைய ஆராய்ச்சி. அந்த அலை சில நிமிஷங்களுக்கு ஒருமுறை பொங்கி அடங்கும். எலெக்ட்ரான் அடர்த்தியே அதே தாளத்தில் கூடிக் குறைவதுதான் காரணம் என்று அவள் நினைத்தாள். அதை நிரூபிக்க அவளுக்கு ஒரே ஒரு நல்ல வாரம் கிடைத்திருந்தது. அந்த வாரத்துக் கோட்டைக் கோட்டக்கா இழுத்துவைத்த மாதிரி நேராக வரைந்திருந்தாள்.

ஆராய்ச்சிக்காரி படத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். "அக்கா, இங்க கோடு லேசா நடுங்குற மாதிரி தெரியுது. இன்னொரு தடவை பாக்குறீங்களா?"

திறந்துகூடப் பார்க்காமல், பார்த்தாயிற்று என்று சொல்லி அனுப்பினாள் கோட்டக்கா. மறுநாளும் அவள் வந்து நின்றாள். கோட்டக்காவுக்குச் சுருக்கென்றது. நேற்று வந்தவள் என் வேலையைச் சோதிக்கிறாளா?

"நடுங்குறது கருவிம்மா, வானம் இல்ல. பதினோரு வருஷமா பாக்குறேன், எனக்குத் தெரியாதா?"

செயற்கைக்கோளில் இரண்டு ஆன்டெனாக்கள் உண்டு. நடுக்கம் கருவியின் கோளாறா, உண்மையா என்று அறிய இரண்டாவதின் பதிவைத் திறந்து பார்த்தால் போதும். ஐந்து நிமிஷ வேலை. கோட்டக்கா திறக்கவில்லை. ஆராய்ச்சிக்காரி அவள் வார்த்தையை நம்பினாள். அடர்த்தியில் மாற்றமே இல்லை என்று ஆனபிறகு அவள் எண்ணம் நிற்க இடமில்லாமல் போயிற்று. ஒப்பந்தம் நீடிக்கப்படவில்லை. ஒரு பயிற்சி மையத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டாள்.

நாலு வருஷம் கழித்து நிலையத்தில் கோடு போட ஒரு கணினி நிரல் வந்தது. பழைய கோடுகளோடு அதை ஒப்பிடும் வேலை கோட்டக்காவிடமே வந்தது. ஆராய்ச்சிக்காரி கேட்ட அந்த வாரம் வந்தபோது நிரல் போட்ட கோடு ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கியது. அவள் இரண்டாவது ஆன்டெனாவைத் திறந்தாள். அதிலும் அதே நடுக்கம். அலை பொங்கும் இடத்திலெல்லாம் கோடும் கூடவே அசைந்திருந்தது.

பிரிவுத் தலைவரிடம் போய்ச் சொன்னாள். பழைய கோப்பை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டால் முடிந்தது, கிளறாதீர்கள் என்றார் அவர். கோப்பு மாறியது. அவளுக்குத்தான் படத்தோடு வந்து நின்ற அந்த முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். பத்து நாள் பொறுத்துப் பார்த்தான். "உன் மூஞ்சி மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நிக்குது. என்னன்னு சொல்லு" என்றான். சொன்னாள். அவன் வேடிக்கைப் பேச்சை விட்டுவிட்டான். "தப்பா போனதுக்கு நீ என்ன பண்ணுவ? ஆனா பாக்காமலே பாத்தேன்னு சொன்னியே, அத நீதான் போய்ச் சொல்லணும்" என்றான்.

பயிற்சி மையத்தில் மதிய இடைவேளை. காலி வகுப்பறையில் ஆராய்ச்சிக்காரி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். கோட்டக்கா இரண்டு ஆன்டெனாக்களின் படங்களையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஆராய்ச்சிக்காரியின் விரல் ஒவ்வொரு ஏற்றத்தையும் தொட்டுக்கொண்டே போனது. முகம் ஒரு கணம் குழந்தை மாதிரி மலர்ந்து, பிறகு இறுகியது.

"அப்போ நான் சொன்னது சரி."

"சரிதான்மா."

"அன்னைக்கு நீங்க ரெண்டாவது ஆன்டெனாவ பாத்தீங்களா?"

"இல்ல. பாக்கவே இல்ல. நீ திரும்பத் திரும்ப கேட்டது பிடிக்கல."

கோட்டக்கா உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள்.

"ரெண்டு வருஷம் என் கண்ணையே நான் நம்பல. மன்னிச்சிட்டேன்னு சொன்னா நீங்க நிம்மதியா போயிடுவீங்க. எனக்கு இன்னும் மனசு வரல" என்றாள் ஆராய்ச்சிக்காரி. பிறகு, அந்த வாரத்துக் கோப்புகள் முழுவதும் வேண்டும் என்று கேட்டாள்.

கோட்டக்கா தலைவரிடம் எழுதிக்கொடுத்து அனுமதி வாங்கினாள். பிழை யாரால் வந்தது, எப்படி வந்தது என்று ஒளிக்காமல் அதில் எழுதினாள். அவர் முகம் சுளித்தபடி கையெழுத்துப் போட்டார். அடுத்த வருஷம் கட்டுரை வெளிவந்தது. ஆராய்ச்சிக்காரியின் பெயர்தான் முதலில். ஆனால் ஆராய்ச்சி வேலை திரும்பக் கிடைக்கவில்லை. பயிற்சி மையத்திலேயே இருக்கிறாள். கோட்டக்காவின் கடிதங்களுக்கு இரண்டு வரியில் பதில் போடுவாள், கேட்டதற்கு மட்டும்.

கோட்டக்கா அதோடு விடவில்லை. தன் கை நேராக்கிய இடங்களையெல்லாம் அத்தனை வருஷப் படங்களிலும் தேடினாள். எட்டு மாதம் பிடித்தது. அந்த வாரத்தைத் தவிர பதினேழு இடங்கள் அகப்பட்டன. பதினான்கில் நடுங்கியது கருவியேதான். மூன்றில் அவள் தவறியிருந்தாள். அந்தக் கோடுகளை நம்பி யார் யார் எழுதினார்கள் என்று பார்த்து ஒவ்வொருவருக்கும் கடிதம் போட்டாள். இரண்டு பேர் பதில் எழுதினார்கள். மூன்றாமவர் இன்னும் எழுதவில்லை.