இறக்கத்தில் திருப்பிய சாவி

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு போயா நாளில், பௌர்ணமி விடுமுறையில் நடந்தது இது. மனைவியையும் பன்னிரண்டு வயது மகளையும் ஏற்றிக்கொண்டு, மஹய்யாவவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காலையிலேயே வேனில் கிளம்பினேன். பதினெட்டு வளைவுப் பாதையில் மலையழகை ரசித்தபடி இறங்கி, மஹியங்கனை வரை போய் வருவதாகத் திட்டம்.

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் தொற்றிக்கொண்டது. இறக்கம் வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருளவிடுவேன். வரிசை ஒழிந்த பிறகும் பழக்கம் ஒழியவில்லை. அதைப் பெரிய கெட்டித்தனம் என்று நண்பர்களிடம் பீற்றிக்கொள்வேன் வேறு.

அன்றும் இறக்கம் தொடங்கியதும் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன். மகள் பின் சீட்டில் மலைப்பக்க ஜன்னல் வழியே கையை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, ஸ்டார்ட் பண்ணுங்க. இது நம்ம வீட்டு இறக்கம் இல்ல” என்றாள் மனைவி. நான் சிரித்து மழுப்பினேன்.

இரண்டு வளைவுகளில் பிரேக் பிடித்தது. மூன்றாவதில் மிதி கல்லாக இறுகிவிட்டது. எஞ்சின் ஓடாவிட்டால் சில மிதிகளுக்குப் பிறகு இப்படி ஆகும் என்பது அன்று எனக்குத் தெரியாது. ஸ்டீயரிங்கும் லேசில் அசையவில்லை. பதற்றத்தில் சாவியை மறுபடி திருப்பக்கூடத் தோன்றவில்லை. எதிரே ஒரு பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மலைப்பக்கமாக ஒடித்தேன். வேன் பாறையில் உரசிக்கொண்டே போய் நின்றது. மகளின் வலது கை பாறைக்கும் வேனுக்கும் நடுவில் சிக்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டு கேட்டபோது, “பிரேக் போயிருச்சு” என்றேன். மனைவி என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள், கெலிஓயாவில் கராஜ் வைத்திருக்கும், நாங்கள் அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடும் மெக்கானிக் ஓடி வந்தார். முந்தைய வாரம்தான் என் வேனுக்குப் பிரேக் வேலை செய்து கொடுத்திருந்தார். மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த மகளின் கட்டுப்போட்ட கையைப் பார்த்ததும் அழுதுவிட்டார்.

“என்ட கையால பூட்டின பிரேக், சேர். புள்ளட கை இப்புடி ஆகிட்டே.”

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சுற்றிலும் சொந்தக்காரர்கள். அவர் தோளைத் தட்டி, “விடுங்க நானா, நடந்தது நடந்துபோச்சு” என்றேன். ஏதோ நான் அவரை மன்னிப்பதைப் போல! நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

இரண்டு மாதம் கழித்து, அவர் பிரேக் வேலையே எடுப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. கராஜுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“ரெண்டு மாசமா எனக்கு ஒழுங்கா தூக்கமில்ல, சேர். இத சொல்ல ஒங்களுக்கு ஒரு நாள் கெடைக்கல்லயா?”

மகளுக்கு இரண்டு விரல்கள் இன்னும் மடங்குவதில்லை. இடது கையால் எழுதப் பழகிக்கொண்டாள். அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள், பிறகு மன்னித்தாள். நானா மட்டும் அதன் பிறகு என் வண்டியைத் தொட்டதில்லை. எந்த இறக்கத்தில் இறங்கினாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தப் பாறை அல்ல, குற்றமே செய்யாத ஒரு மனிதரின் தோளைத் தட்டிய என் கைதான்.