அன்வர் பாயின் இருபது எம்.எம்.

போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறவனுக்கு மழை பிடித்துக்கொண்ட நாளைவிட, எதிர்க்கடைக்காரர் புது லென்ஸ் வாங்கிய நாள்தான் மோசமான நாள். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தெரு முழுக்க உள்ளே

எண்பதுகளின் ஆரம்பம். ஆம்பூர் பஜாரில் என் ஸ்டுடியோவுக்கு எதிரே அன்வர் பாயின் ஸ்டுடியோ. என்னிடம் இருந்தது இருபத்தெட்டு எம்.எம். லென்ஸ். மலை, ஏரி எடுக்க அது போதும் என்று நிம்மதியாக இருந்தேன். அப்போதுதான் துபாயிலிருந்து பாயின் மச்சான் ஒரு இருபது எம்.எம். கொண்டுவந்தார். எண் குறையக் குறையக் காட்சி அகலும். நான் கேட்காமலே பாய் கேமராவைக் கையில் கொடுத்தார். கண்ணை வைத்தால் பஜார் மொத்தமும் உள்ளே. வயிறு எரிந்தது. "ஓரமெல்லாம் கொஞ்சம் வளையுதே பாய்" என்றேன்.

பாய் சிரித்தார். "வளையட்டும் அண்ணே, நம்ம தெரு எப்ப நேரா இருந்துச்சு?"

மலை எங்கே?

மறு மாதமே என் இருபத்தெட்டை மெட்ராஸில் தள்ளிவிட்டு, பழைய இருபது ஒன்றை வாங்கி வந்தேன். தோல் பதனிடும் டேனரி முதலாளி ஒருவர் காலண்டருக்கு ஏலகிரி மலைப் படம் கேட்டிருந்தார். முதலில் பாயிடம்தான் கேட்டாராம். கல்யாண சீசன் என்று பாய் என்னைக் கைகாட்டிவிட்டார். அதுவே எனக்குக் குத்தியது. ஜோலார்பேட்டைப் பக்கம் ஏரிக்கரையில் நின்று ஒரு ரோல் முழுக்க எடுத்தேன்.

முதலாளி கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படங்களை மறுபடி பார்த்தார். "வானமும் தண்ணியும் ஜாஸ்தியா இருக்குது, மலை எங்கப்பா?"

சேற்றில் ஒரு பாடம்

விஷயம் கேள்விப்பட்டு, கல்யாணம் இல்லாத ஒரு காலையில் பாய் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அதே ஏரிக்குப் போனார். சலவை பேன்ட்டோடு சேற்றில் முழங்கால் போட்டு, ஒரு பாறைக்கு முழத் தூரத்தில் கேமராவை வைத்தார். இருபதில் தூரத்து மலை கடுகாகிவிடும், கிட்டத்தில் ஒரு பொருள் இருந்தால்தான் அதுக்கு அழகு என்று காட்டிக்கொடுத்தார். இவ்வளவு நல்ல மனுஷனாக இல்லாமல் இருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

எழுந்து சேற்றைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "மலை பெரிசா வேணும்னா உங்க இருபத்தெட்டே போதுமே அண்ணே, அத ஏன் குடுத்துட்டீங்க?"

பாராட்டு

நானும் மண்டியிட்டு எடுத்தேன். முன்னால் பாறை, நடுவில் தண்ணீர், பின்னால் ஏலகிரி. படத்தைப் பார்த்ததும் முதலாளியின் முகம் மலர்ந்தது. டீ வரவழைத்தார்.

"பிரமாதம்பா! அப்படியே அன்வர் பாய் எடுத்த மாதிரியே இருக்குது."

அந்தக் காலண்டர் எங்கள் வீட்டுக் கூடத்தில் வருஷம் முழுக்கத் தொங்கியது; நான் தேதியை மட்டும் பார்த்துக்கொண்டேன்.