குழலுக்குள் உறைந்த எண்ணெய்

ஊட்டிப் பக்கம் சோலூரில் எங்கள் கிழங்குத் தோட்டத்துக்குள் பன்றி புகுந்தது. எஸ்டேட் துரை எங்களுக்கு விற்றிருந்த ரைஃபிளால் என் கணவர் சுட்டார். குண்டு எங்கோ போனது.

"பொம்பளை கை பட்டா குறி எப்படி நிக்கும்?" என்று ஆட்கள் முன்னால் கத்தினார்.

முந்தின நாள் நான் ரைஃபிளைச் சுவரோரம் எடுத்து வைத்தது உண்மைதான். துருப்பிடிக்காமல் இருக்கக் குழலுக்குள் தேங்காயெண்ணெய் விட்டவர் அவர். ஊட்டிப் பனியில் அது உறையாதா?

கம்பியில் துணி சுற்றி, குழலுக்குள் விட்டு இழுத்தேன். கரியோடு வெள்ளைக் கட்டிகள் வந்தன.

"ஏனுங்க, இது என் கையில இருந்து வந்ததுங்களா?"

குழலில் கொதிநீர் ஊற்றி, ஈரம் போகத் துடைத்து, வரப்பில் ஒரு பூசணிக்காயை வைத்து நானே சுட்டேன். சிதறியது.

இன்றும் அந்த ரைஃபிளைத் தொடுகிறேன். குறி தப்பினால் முதலில் குழலைப் பாருங்கள். என் கையைப் பற்றி அப்புறம் பேசலாம்.